நஞ்சுக்கொடி எதைக் கடக்கவிடுகிறது, எதை நிறுத்துகிறது?

உங்கள் மனைவிக்கு ஆறாம் மாதத்தில் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை கூடுதலாக இருந்தது என்றும், உணவுக் கட்டுப்பாட்டால் அது இறங்காததால் மருத்துவர் இன்சுலின் எழுதிக்கொடுத்திருக்கிறார் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அந்த ஊசி மருந்து குழந்தையின் உடம்பிலும் போய்ச் சேருமா என்பது உங்கள் கவலை. கெட்டதையெல்லாம் நஞ்சுக்கொடி வடிகட்டிவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது உண்மையானால் மருத்துவர்கள் ஏன் இத்தனை மாத்திரைகளைக் கூடாது என்கிறார்கள் என்றும், காபி குடிக்கலாமா என்றும் கூடவே கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: தாயின் இரத்தத்தில் இருக்கும் ஒரு பொருள் குழந்தையின் இரத்தத்துக்குப் போகுமா போகாதா என்பதை எது தீர்மானிக்கிறது? மருத்துவக் கல்லூரியில் நெடுங்காலம் உடலியங்கியலும் மருந்தியலும் கற்பித்தவன் என்ற முறையில் இதற்கு இயன்றவரை விரிவாகப் பதில் எழுதுகிறேன். உங்கள் மனைவியின் பரிசோதனைத் தாள்களைப் பார்க்காமல் எழுதுவதால், அவருக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதை அவருடைய மருத்துவரிடமே விட்டுவிடுகிறேன்.

இன்சுலினைப் பற்றிய விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊசியில் போடும் இன்சுலின், பொருட்படுத்தத்தக்க அளவில் குழந்தையைச் சென்றடைவதில்லை. அது 51 அமினோ அமிலங்களால் ஆன, ஏறக்குறைய 5,800 டால்டன் (மூலக்கூறின் எடையை அளக்கும் மிகச் சிறிய அலகு) எடையுள்ள புரதம். அதை ஏற்றிக்கொண்டு அக்கரை சேர்க்கும் வழி எதுவும் நஞ்சுக்கொடியில் இல்லை. தாராளமாகக் கடந்து போவது குளுக்கோஸ்தான். தாயின் சர்க்கரை ஏறினால் குழந்தையின் சர்க்கரையும் அதன் பின்னாலேயே ஏறும். குழந்தையின் கணையம் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்கள் முடிவதற்குள்ளாகவே இன்சுலின் சுரக்கத் தொடங்கிவிடுவதால், வந்து குவியும் சர்க்கரைக்கு ஈடுகொடுக்க அதுவே கூடுதலாகச் சுரக்கும். கருவில் இருக்கும்போது இன்சுலின் ஒரு வளர்ச்சி ஊக்கியும் ஆகையால், உடம்பில் கொழுப்பு சேர்ந்து குழந்தையின் எடை மிகும். பிறந்து தொப்புள்கொடியை வெட்டிய கணத்தில் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிடும். ஆனால் குழந்தையின் கணையம் பழைய வேகத்திலேயே சுரந்துகொண்டிருக்கும். அதனால் முதல் சில மணி நேரங்களில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் பணியாற்றிய மருத்துவர் பெடர்சன் 1950களில் முன்வைத்த விளக்கம் இது. அதன் அடிப்படை இன்றுவரை அசையவில்லை. ஆகவே உங்கள் மனைவி போட்டுக்கொள்ளும் இன்சுலின் அவரிடமே தங்கி, குழந்தைக்குப் போகும் சர்க்கரையைக் குறைக்கிறது. ஊசிக்குப் பயந்து அதைத் தவிர்த்தால், தவிர்க்க நினைத்ததற்கு நேர் எதிரானது நடக்கும்: குழந்தையின் உடம்பில் இன்சுலின் கூடும்.

இனி, தாயின் இரத்தம்தான் குழந்தைக்கும் போகிறது என்ற எண்ணத்தைப் பார்ப்போம். இரண்டு இரத்த ஓட்டங்களும் தனித்தனியானவை. 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் உடற்கூறியல் வல்லுநர்களான ஹன்டர் சகோதரர்கள், இறந்துபோன கர்ப்பிணிகளின் இரத்தக் குழாய்களில் நிறமேற்றிய மெழுகைச் செலுத்தி, அது குழந்தையின் குழாய்களுக்குள் நுழையவில்லை என்று காட்டினார்கள். பிரசவம் ஆன பிறகு, நஞ்சுக்கொடி முழுதாக வந்துவிட்டதா என்று பார்ப்பதற்காகச் செவிலியர் அதைத் தட்டில் விரித்து வைப்பார். சுமார் அரை கிலோ எடை, இருபது சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான அகலம். கருப்பைச் சுவரோடு ஒட்டியிருந்த பக்கம் கருஞ்சிவப்பாக, ஆழமற்ற பள்ளங்களால் பிரிந்த பதினைந்து இருபது மடல்களாகத் தெரியும். மறுபக்கம் வழவழப்பான சவ்வு. அதற்கடியில் தொப்புள்கொடி வந்து சேரும் இடத்திலிருந்து குழாய்கள் நாற்புறமும் கிளைவிட்டு ஓடும். ஒரு மடலிலிருந்து சிறு துண்டைக் கத்தரித்து, உப்புநீரில் இரத்தம் போகக் கழுவிக் கண்ணாடித் தட்டில் இட்டால், வெளிறிய மெல்லிய இழைகள் விரிந்து மிதக்கும். ஒவ்வோர் இழையும் மேலும் மேலும் கிளைத்து, கண்ணுக்குத் தெரியாத நுனிகளில் முடியும். இவையே விரலிகள். குழந்தையின் நுண்குழாய்கள் இவற்றுக்குள் ஓடுகின்றன. ஆற்றோர மரத்தின் வேர்கள் நீரில் தொங்குவது போல இவை கருப்பைத் தமனிகளிலிருந்து பீறிட்டுவரும் தாயின் இரத்தத்துக்குள் நேரடியாகத் தொங்குகின்றன. நிறைமாதத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேலான தாயின் இரத்தம் இவற்றைத் தழுவிக்கொண்டு போகிறது. விரலிகளின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 12 சதுர மீட்டர்.

ஆகவே ஒரு பொருள் தாயிடமிருந்து குழந்தைக்குப் போக வேண்டுமானால் விரலியின் சுவரைக் கடக்க வேண்டும். அந்தச் சுவரின் வெளிப்போர்வை சின்சிடியோட்ரோஃபோபிளாஸ்ட் எனப்படும் படலம். எண்ணற்ற செல்கள் ஒன்றோடொன்று கலந்து, இடையே எல்லைக்கோடே இல்லாத ஒரே விரிப்பாக அது ஆகியிருக்கிறது. இது முக்கியமானது. குடலிலோ தோலிலோ செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே உள்ள இடுக்கு இங்கே கிடையாது. எதுவானாலும் பெரும்பாலும் படலத்தின் ஊடாகவே போயாக வேண்டும். அதற்கு உள்ளே சிறிது இணைப்புத்திசு, பிறகு குழந்தையின் நுண்குழாய்ச் சுவர், அவ்வளவுதான். கர்ப்பத்தின் தொடக்கத்தில் இரு இரத்தங்களுக்கும் இடையிலான தூரம் சுமார் 50 மைக்ரோமீட்டர். நிறைமாதத்தில் பல இடங்களில் 5 மைக்ரோமீட்டருக்கும் குறைவு. குழந்தை வளர வளரச் சுவர் மெலிகிறது, பரப்பு விரிகிறது. முதல் பத்துப் பன்னிரண்டு வாரங்களில் தாயின் தமனி வாய்கள் கருவின் செல்களாலேயே பெரும்பாலும் அடைபட்டிருப்பதால், தாயின் இரத்த ஓட்டம் விரலிகளை முழுமையாக எட்டுவதில்லை. கருப்பைச் சுரப்பிகளின் சுரப்பிலிருந்தே கரு பெருமளவு ஊட்டம் பெறுகிறது. ஆனால் அந்தச் சுரப்பிலும் தாய் உட்கொண்ட மருந்துகள் வந்து சேரும் என்பதால், தொடக்க வாரங்கள் பாதுகாப்பானவை என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது.

சுவரைக் கடக்கும் வழிகளில் மிக எளியது, செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தானாகப் பரவுவது. இதில் நஞ்சுக்கொடிக்கு எந்தத் தேர்வும் இல்லை. பொருளின் தன்மைதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. மூலக்கூறு சிறியதாக, கொழுப்பில் கரைவதாக, மின்னேற்றம் இல்லாததாக, தாயின் இரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளாததாக இருந்தால் விரைவில் கடந்துவிடும். 500 டால்டனுக்குக் குறைவான பெரும்பாலான மருந்துகள் இந்த வகையில் சேரும். 1,000 டால்டனைத் தாண்டியவை தாமாகப் பரவிக் கடப்பது அரிது. பாராசிட்டமால் 151 டால்டன், மது அதைவிட மிகச் சிறியது. இரண்டும் தடையின்றிப் போகும். அறுவை மயக்கத்தில் தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் மருந்துகள் நிரந்தர மின்னேற்றம் கொண்டவை. அதனால்தான் சிசேரியனில் தாய் அசையாமல் கிடக்கும்போதும் குழந்தை கைகால்களை உதறிக்கொண்டு பிறக்கிறது.

ஆக்சிஜனும் இந்த வழியில்தான் போகிறது. தாயின் தமனியில் அதன் அழுத்தம் சுமார் 100 மில்லிமீட்டர் பாதரசம். குழந்தைக்குத் திரும்பும் தொப்புள்கொடிச் சிரையில் 30 அளவுதான். இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் குழந்தை திணறாமல் இருப்பதற்குக் காரணம், அதன் ஹீமோகுளோபின் வேறு வகையானது, பெரியவர்களுடையதைவிட ஆக்சிஜனை இறுகப் பற்றிக்கொள்வது; அளவிலும் அது கூடுதல். இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. கார்பன் மோனாக்சைடு அந்த ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிடவும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும், தாயின் இரத்தத்தில் இருப்பதைவிடக் குழந்தையின் இரத்தத்தில் அது கூடுதலாகச் சேரும், வெளியேறுவதும் மெதுவாகத்தான். சிகரெட் புகையையும், காற்றோட்டமில்லாத அடுப்படியில் விறகு எரிக்கும் புகையையும் கர்ப்பிணியிடமிருந்து விலக்கிவைக்கச் சொல்வதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

குளுக்கோஸ் நீரில் கரைவது. கொழுப்புப் படலத்தைத் தானாகக் கடக்காது. அதற்கென்று படலத்தில் கடத்திப் புரதங்கள் பதிந்திருக்கின்றன. அவை ஆற்றலைச் செலவிடாமல், சர்க்கரை மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு அதை மாற்றிவிடுகின்றன. அமினோ அமிலங்களின் நிலை வேறு. அவை தாயின் இரத்தத்தைவிடக் குழந்தையின் இரத்தத்தில் செறிவாக இருக்கும். அதாவது நஞ்சுக்கொடி ஆற்றலைச் செலவிட்டு அவற்றை மேட்டுக்கு ஏற்றுகிறது. கால்சியமும் அப்படியே. இரும்பைப் பொறுத்தவரை, தாயின் இரத்தத்தில் அதைச் சுமந்துவரும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தைப் படலம் தன்மேல் பற்றி உள்ளிழுத்து, இரும்பை மட்டும் கழற்றிக்கொண்டு, புரதத்தைத் தாயின் இரத்தத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. பிறக்கும் குழந்தையின் உடம்பில் இருக்கும் ஏறக்குறைய கால் கிராம் இரும்பில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில் இப்படி வந்து சேர்வது. தாய்க்கு இரும்பு குறைந்தால் நஞ்சுக்கொடி தன் பற்றுமிடங்களைப் பெருக்கிக் குழந்தையின் பங்கைக் காக்கப் பார்க்கும். ஆனால் கடுமையான இரத்தசோகையில் அதுவும் கைகொடுக்காது. நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்: வாந்தி வருகிறது, மலம் கறுக்கிறது என்று இரும்புச்சத்து மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடும் வழக்கம் நம்மிடையே அதிகம். உங்கள் வீட்டில் அது நடக்க விடாதீர்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மாத்திரையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

பெரிய மூலக்கூறுகள் கடக்கா என்ற விதிக்கு ஒரு பெரும் விலக்கு உண்டு. நோய்க்கிருமிகளை எதிர்க்கத் தாயின் உடம்பு உண்டாக்கும் புரதங்களான எதிர்ப்பொருள்களில் ஐஜிஜி என்ற வகை சுமார் 1,50,000 டால்டன் எடையுள்ளது, இன்சுலினைப்போல இருபத்தைந்து மடங்கு. ஆனால் அதன் அடிப்பகுதியைப் பற்றிக்கொண்டு படலத்தின் ஊடாகச் சுமந்துபோக ஒரு தனி ஏற்பி இருக்கிறது. நான்காம் மாதவாக்கில் சிறிதாகத் தொடங்கும் இந்தக் கடத்தல் கடைசி வாரங்களில் வேகமெடுத்து, நிறைமாதக் குழந்தையின் இரத்தத்தில் ஐஜிஜி தாயைவிடவும் கூடுதலாக இருக்கும்படி செய்கிறது. குறைமாதக் குழந்தைக்கு நோய்த்தொற்று எளிதில் வருவதன் காரணங்களில் இதுவும் ஒன்று. கர்ப்பிணிக்கு டெட்டனஸ் தடுப்பூசி போடுவது பிறக்கப்போகும் குழந்தையையும் காப்பதற்கே. பச்சிளங்குழந்தைகளுக்கு வந்த டெட்டனஸை ஒரு பொதுச் சுகாதாரச் சிக்கலாக இல்லாமல் செய்துவிட்டது என்று இந்தியாவை 2015இல் அறிவிக்க முடிந்ததில் இந்தக் கடத்தலுக்குப் பெரிய பங்கு உண்டு. எதிர்ப்பொருள்களில் மற்றொன்றான ஐஜிஎம் வகைக்கு அத்தகைய ஏற்பி இல்லை. அதனால் பிறந்த குழந்தையின் இரத்தத்தில் ரூபெல்லா போன்ற ஒரு கிருமிக்கு எதிரான ஐஜிஎம் இருந்தால், அது குழந்தை தானே உண்டாக்கியது, தொற்று கருவிலேயே ஏற்பட்டிருக்கிறது என்று மருத்துவர்கள் ஊகிக்கிறார்கள்.

அந்த ஏற்பி தான் சுமப்பது நல்ல எதிர்ப்பொருளா கெட்டதா என்று பார்ப்பதில்லை. ஆர்ஹெச் நெகட்டிவ் இரத்த வகை கொண்ட தாயின் உடம்பில், குழந்தையின் சிவப்பணுக்களுக்கு எதிராக உருவான ஐஜிஜியையும் அதே அக்கறையோடு கடத்திக்கொண்டுபோய் அந்த அணுக்களை அழியவைக்கும். மூட்டுவாதத்துக்கும் குடல் அழற்சிக்கும் இப்போது கொடுக்கப்படும் இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப் போன்ற ஊசி மருந்துகள் ஐஜிஜி அமைப்பில் செய்யப்பட்டவை. அவையும் அதே வழியில் கடந்து, பிறந்த பிறகும் மாதக்கணக்கில் குழந்தையின் இரத்தத்தில் இருக்கின்றன. கர்ப்பத்தின் பிற்பகுதியில் அவற்றைப் போட்டுக்கொண்ட தாய், குழந்தை பிறந்ததுமே அதைக் குழந்தை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் பிறந்த உடனே காசநோய்க்கு எதிராகப் போடப்படும் பிசிஜி உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசி. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து உடம்பில் இருக்கும் குழந்தைக்கு அதைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும்.

இப்போது உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன வடிகட்டியைப் பற்றிப் பேசலாம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மருத்துவர்களில் பலரும் அதையே நம்பினார்கள். அந்த நம்பிக்கையை உடைத்த இரண்டு நிகழ்வுகள் ஏறக்குறைய ஒரே காலத்தவை. 1957இல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மருந்தாக விற்பனைக்கு வந்து, கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் கொடுக்கப்பட்ட தாலிடோமைடு ஒன்று. 258 டால்டன் எடையுள்ள அந்தச் சிறு மூலக்கூறு எளிதில் கடந்து, கருவுற்ற மூன்றாவது வாரத்திலிருந்து ஐந்தாவது வாரம் வரையிலான சில நாட்களுக்குள் உட்கொள்ளப்பட்டால் கை கால்கள் உருவாவதையே நிறுத்தியது. 1961 நவம்பரில் ஜெர்மனியில் திரும்பப் பெறப்படுவதற்குள் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டுவிட்டார்கள்.

மற்றொன்று ஜப்பானின் மினமாட்டா. அந்தக் கடற்கரை ஊரில் ஒரு ரசாயன ஆலையின் கழிவிலிருந்த மெத்தில் பாதரசம் மீன்களில் சேர்ந்து, அவற்றை உண்டவர்களின் நரம்பு மண்டலத்தைச் சிதைத்தது 1956இல் வெளிப்பட்டது. அதே காலத்தில் அங்கே பிறந்த பல குழந்தைகள் மூளை பாதிக்கப்பட்டு, கழுத்து நிற்காமல், பேச்சு வராமல் இருந்தார்கள். அவர்கள் மீனே உண்டதில்லை. தாய்மார்களுக்கோ நோய்க்குறிகள் இலேசாக இருந்தன, அல்லது இல்லவே இல்லை. நஞ்சு நஞ்சுக்கொடியைத் தாண்டாது என்ற நம்பிக்கையால் இது பெருமூளை வாதம் என்றே ஒதுக்கப்பட்டது. இறந்த குழந்தைகளின் உடற்கூற்றாய்வுக்குப் பிறகு 1962இல்தான் கருவிலேயே வந்த மினமாட்டா நோய் என்று ஏற்றுக்கொண்டார்கள். குமமோட்டோ பல்கலைக்கழகத்தின் மருத்துவர் ஹராடா மசாசுமி அதன்பின் ஒரு காரியம் செய்தார். பிறந்த குழந்தையின் தொப்புள்கொடித் துண்டை உலர்த்திச் சிறு பெட்டியில் பத்திரப்படுத்துவது ஜப்பானியர் வழக்கம். அந்தத் துண்டுகளைக் குடும்பங்களிடமிருந்து கேட்டு வாங்கி அளந்து பார்த்ததில், ஆண்டுகள் பல கடந்த பிறகும் அவற்றில் மெத்தில் பாதரசம் மிகுதியாக இருந்தது. அது எப்படிக் கடந்தது என்பதும் பின்னர் விளங்கியது. மெத்தில் பாதரசம் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு இணைந்து, மெத்தியோனின் என்ற மற்றோர் அமினோ அமிலத்தைப் போன்ற வடிவத்தை அடைகிறது; அமினோ அமிலங்களை ஆற்றல் செலவிட்டு ஏற்றும் அதே கடத்திகள் இதையும் ஏற்றிவிடுகின்றன. தொப்புள்கொடி இரத்தத்தில் பாதரசம் தாயின் இரத்தத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் இருப்பது பல நாடுகளில் உறுதியாகியிருக்கிறது. குழந்தையை ஊட்டி வளர்க்கும் வழியே நஞ்சைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

நஞ்சுக்கொடி ஒன்றுமே தடுப்பதில்லை என்றும் இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. உள்ளே நுழைந்த சில பொருள்களைப் பிடித்துத் தாயின் பக்கமே திருப்பித் தள்ளும் புரதங்கள் படலத்தில் இருக்கின்றன. எச்ஐவிக்கான சில மருந்துகள் குழந்தையிடம் குறைந்த அளவே சேர்வது இவற்றால்தான். சில பொருள்களை அங்கேயே செயலிழக்கச் செய்யும் நொதிகளும் உண்டு. தாயின் உடம்பில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் குழந்தையுடையதைவிடப் பன்மடங்கு; அதில் பெரும்பகுதியை ஒரு நொதி வழியிலேயே மாற்றிவிடுகிறது. ஆஸ்துமாவுக்குக் கர்ப்பிணி சாப்பிடும் பிரெட்னிசோலோனும் இதே நொதியிடம் சிக்கி, தாயிடம் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவிலேயே குழந்தையை எட்டுகிறது. பீட்டாமெத்தசோனையும் டெக்சாமெத்தசோனையும் அந்த நொதியால் அவ்வளவாகத் தொட முடிவதில்லை. குறைமாதப் பிரசவம் நேரும் என்று தெரிந்தால் குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காகத் தாய்க்கு இந்த இரண்டில் ஒன்றை ஊசியாகப் போடுவது அதனால்தான். நியூஸிலாந்தின் ஆக்லாந்தில் மருத்துவர்கள் லிக்கின்ஸும் ஹோவியும் 1972இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு வழிகாட்டியது.

இந்த நொதியைத் தளர்த்தும் பொருள் ஒன்று நம் வீட்டு மருந்துப் பெட்டியிலேயே இருக்கிறது. அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின் அதைச் செயல்படவிடாமல் தடுக்கும். அதிமதுர மிட்டாய் மிகுதியாகத் தின்னும் பழக்கமுள்ள ஃபின்லாந்தில், கர்ப்பகாலத்தில் அதை அதிகம் உண்ட தாய்மார்களின் குழந்தைகள் பின்னாளில் அறிவுத்திறன் சோதனைகளில் சற்றுப் பின்தங்கியதாக ஹெல்சிங்கி ஆய்வாளர்கள் கண்டார்கள். இது ஒரு தொடர்பைக் காட்டுகிறதே தவிர, அதுதான் காரணம் என்று நிறுவவில்லை. இருமலுக்கு என்றாவது ஒரு துண்டைச் சுவைத்ததற்காக யாரும் கலங்க வேண்டியதில்லை. ஆனால் நாள்தோறும் பொடியாகவோ கஷாயமாகவோ உட்கொள்வதைக் கர்ப்பகாலத்தில் விட்டுவிடச் சொல்வேன். மூலிகை என்றால் நஞ்சுக்கொடி தனிச் சலுகை காட்டாது. அதிலுள்ள மூலக்கூறுகளும் அதே விதிகளுக்கு உட்பட்டவையே.

மருத்துவர்கள் ஏன் சிலவற்றைத் தடுத்துச் சிலவற்றை அனுமதிக்கிறார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். கடந்து போகிறதா என்பது ஒரு கேள்வி. போனால் கெடுக்கிறதா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதால்தான் பெரும்பாலான குழப்பங்கள் வருகின்றன. பாராசிட்டமால் முழுமையாகக் கடக்கிறது; ஆயினும் காய்ச்சலுக்குத் தேவையான அளவில், தேவையான நாட்களுக்கு அதைத்தான் கொடுக்கிறோம், ஏனென்றால் தணிக்காத கடும் காய்ச்சலே கருவுக்குக் கேடு. எனாலாப்ரில் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகள் கர்ப்பத்தின் பிற்பாதியில் கடந்து குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுப்பவை. அவற்றை மாற்றியே ஆக வேண்டும். இதயத்தில் உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு இந்தத் தராசு இன்னும் கடினமானது. இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் சிறு மூலக்கூறு, கடக்கும். ஆறாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரை அது குழந்தையின் மூக்கெலும்பையும் எலும்பு முனைகளையும் பாதிக்கக்கூடும். ஹெப்பாரின் பெரியது, மின்னேற்றம் மிகுந்தது, கடக்கவே கடக்காது. அப்படியானால் எல்லாருக்கும் ஹெப்பாரின் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் வால்வில் இரத்தம் உறைவதைத் தடுப்பதில் வார்ஃபரினே மேலானது, வால்வு அடைபட்டால் தாயின் உயிருக்கே ஆபத்து. கடப்பதைத் தெரிந்துகொண்டே சில மாதங்களில் அதைக் கொடுக்க வேண்டியிருப்பது இதனால்தான். கடக்காத பொருள் கேடு செய்யாது என்பதும் சரியல்ல. மலேரியா ஒட்டுண்ணி தாங்கிய தாயின் சிவப்பணுக்கள் விரலிகளுக்கு இடையே குவிந்து நஞ்சுக்கொடியையே நோயுறச் செய்யும். ஒட்டுண்ணி குழந்தையை எட்டாதபோதும் குழந்தை எடை குறைந்து பிறக்கும்.

உங்கள் மனைவியைப் போன்றவர்களுக்குச் சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையும் தரப்படுவதுண்டு; இந்திய அரசின் வழிகாட்டுதலும் அதை அனுமதிக்கிறது. இன்சுலினுக்கு மாறாக அது நன்றாகவே கடக்கிறது. தொப்புள்கொடி இரத்தத்தில் தாயின் அளவுக்கு நெருக்கமாக இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் எழுநூற்றுக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வில், இன்சுலின் போட்டவர்களின் குழந்தைகளோடு ஒப்பிடுகையில் மெட்ஃபார்மின் குழந்தைகளுக்குப் பிறப்பின்போது சிக்கல்கள் ஒட்டுமொத்தத்தில் கூடவில்லை. அந்தக் குழந்தைகளைப் பள்ளிப் பருவத்தில் மீண்டும் அளந்தபோது, ஆக்லாந்தில் மெட்ஃபார்மின் குழந்தைகள் சற்றுப் பருமனாக இருந்தார்கள், அடிலெய்டில் வேறுபாடு இல்லை. ஆக, நெடுங்கால விளைவு இன்னும் தீராத கேள்வி. இரண்டு மருந்துகளுமே ஏற்கத்தக்கவை. உங்கள் மருத்துவர் இன்சுலினைத் தேர்ந்திருந்தால் அது கடக்காத, சந்தேகம் குறைந்த வழி.

இந்த அறிவெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் எதை எவ்வளவு நம்பலாம் என்பது புரியும். பிரசவத்தின்போது தாயின் இரத்தத்தையும் தொப்புள்கொடி இரத்தத்தையும் ஒரே நேரத்தில் எடுத்து ஒப்பிடலாம். ஆனால் அது ஒரு கணத்தின் அளவு மட்டுமே, மூன்றாம் மாதத்தில் என்ன நடந்தது என்று அது சொல்லாது. பிறந்து சிறிது நேரத்துக்குள் நஞ்சுக்கொடியை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, ஒரு மடலைத் தேர்ந்து, குழந்தையின் பக்கத்துக் குழாயில் மெல்லிய குழலைச் செருகி, தாயின் பக்கம் ஊசிகள் வழியே 37 டிகிரி வெப்பமுள்ள திரவத்தைச் செலுத்தி, மருந்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் எவ்வளவு வேகமாக வருகிறது என்று அளப்பதும் உண்டு. இது நம்பகமான முறை. ஆனால் அதுவும் முதிர்ந்த நஞ்சுக்கொடி, சில மணி நேரமே உயிர்ப்போடு இருப்பது. விலங்குச் சோதனைகளில் இன்னும் கவனம் தேவை. எலியின் நஞ்சுக்கொடி அமைப்பே வேறு, தாலிடோமைடு எலிகளுக்குப் பெரிய கேடு செய்யவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. ஆகவே நிறைமாதத்தைப் பற்றிச் சொல்வதில் உறுதி அதிகம். உறுப்புகள் உருவாகும் முதல் மூன்று மாதங்களைப் பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி ஊகம்.

நுண்ணிய நெகிழித் துகள்கள் நஞ்சுக்கொடியில் கண்டெடுக்கப்பட்டன என்ற செய்தியையும் நீங்கள் படித்திருக்கலாம். 2021இல் இத்தாலிய ஆய்வாளர்கள் ஆறு நஞ்சுக்கொடிகளில் நான்கில், மொத்தம் பன்னிரண்டு துகள்களைக் கண்டதாக வெளியிட்டார்கள். பெல்ஜியத்தின் ஹாசெல்ட் பல்கலைக்கழகத்தார் 2019இல் வாகனப் புகையின் கரித்துகள்களைக் குழந்தையின் பக்கத்திலேயே கண்டார்கள். துகள்கள் அங்கே வரை வருகின்றன என்பதை, கரித்துகள் விஷயத்தில், நான் ஏற்கிறேன். நெகிழி எங்கும் நிறைந்திருப்பதால் ஆய்வகத்திலேயே மாசு கலந்துவிடும் வாய்ப்பு மிகுதி. ஆகவே அதில் எண்ணிக்கையை நம்பி எதையும் முடிவு செய்ய மாட்டேன். இவை குழந்தைக்கு என்ன செய்கின்றன என்பது இனிமேல்தான் தெரிய வேண்டும்.

கடைசியாக காபி. காஃபீன் 194 டால்டன் எடையுள்ள, நீரிலும் கொழுப்பிலும் கரையும் மூலக்கூறு. தடையே இல்லாமல் கடக்கும். அதைச் சிதைக்கும் கல்லீரல் நொதி கருவிலிருக்கும் குழந்தைக்குக் கிட்டத்தட்டக் கிடையாது. தாயின் உடம்பிலும் கர்ப்பம் முற்ற முற்ற அந்த நொதி மந்தமாகிவிடுவதால், வழக்கமாக ஐந்தாறு மணி நேரத்தில் பாதியாகும் காஃபீன் கடைசி மாதங்களில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு நேரம் தங்கும். மிகுதியாகக் குடிப்பவர்களின் குழந்தைகள் எடை குறைந்து பிறப்பது பல ஆய்வுகளில் தெரிகிறது. குறைவாகக் குடித்தால் கேடு உண்டா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் போனால் குறைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 200க்குள் நிறுத்தச் சொல்கிறது. வீட்டு டிகாஷனின் கெட்டி வீட்டுக்கு வீடு மாறும் என்பதால் டம்ளர் கணக்கில் துல்லியமாகச் சொல்ல முடியாது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, இரண்டும் சிறிய டம்ளரில், டிகாஷனைக் குறைத்து என்றால் நான் தடுக்க மாட்டேன். உங்கள் மனைவிக்குச் சர்க்கரை இருப்பதால் அதில் சீனி வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்ட கையோடு காபியோ டீயோ குடித்தால் இரும்பு குடலிலேயே சரியாகச் சேராது. அது நஞ்சுக்கொடிவரை வரவே வாய்ப்பிருக்காது என்பதால், இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்லுங்கள்.